பழைய கணினியில் புதிய பைத்தான்: மூல நிரலிலிருந்து உருவாக்கும் முறை

மேல்நிலை வகுப்புகளில் கணினி அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டீச்சர், எங்க லேப்ல இருக்கிறது பழைய மெஷின். அதுல புது பைத்தான் ஏறாதாமே?" ஏறும். ஆனால் இரண்டு பொத்தானை அழுத்தி நிறுவும் வழியில் ஏறாது. பைத்தானின் மூல நிரலை எடுத்து, நம் கணினியிலேயே அதைத் தொகுத்து உருவாக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய வேலை போலத் தோன்றும். செய்து பார்த்தால் 11-ஆம் வகுப்பில் நாம் நடத்தும் சி++ பாடத்தின் நீட்சிதான் அது.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் உள்ளவை 32-பிட் கணினிகள். நினைவகம் 1 ஜிபி. இயக்க அமைப்பு உபுண்டு 16.04. அது 2016 ஏப்ரலில் வெளிவந்தது. அதனுடன் வருவது பைத்தான் 3.5. 2018-இல் வந்த உபுண்டு 18.04-இன் மேசைக் கணினிப் பதிப்பு 32-பிட்டில் வெளியிடப்படவில்லை. எனவே அந்த வரிசையில் எங்கள் கணினிகள் 16.04-லேயே நின்றுவிட்டன.

3.5 இருந்தால் என்ன, பாடநூலில் உள்ள நிரல்கள் ஓடுகின்றனவே என்று கேட்கலாம். பெரும்பாலும் ஓடும். சிக்கல் பாடநூலுக்கு வெளியிலிருந்து வருகிறது. சென்ற ஆண்டு ஒரு மாணவி, அண்ணனுடைய மடிக்கணினியில் மதிப்பெண் பட்டியல் நிரல் ஒன்றை எழுதி, தாளில் படியெடுத்துக்கொண்டு வந்தாள். ஆய்வகத்தில் தட்டச்சு செய்தாள். தொடரியல் பிழை என்றது கணினி. நான்கு முறை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். "வீட்டுல ஓடுச்சு டீச்சர், நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டு வந்திருக்கேன்" என்றாள். அவள் எதையும் தவறாக எழுதவில்லை. மேற்கோள் குறிக்கு முன்னால் எஃப் என்ற எழுத்தை இட்டு, நெளிவு அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயரை எழுதும் முறையை அவள் காணொளி பார்த்துக் கற்றிருந்தாள். எஃப்-ஸ்ட்ரிங் எனப்படும் அந்த வசதி 2016 டிசம்பரில் வந்த பைத்தான் 3.6-இல்தான் சேர்க்கப்பட்டது. எங்கள் 3.5-க்கு அது தெரியாது.

இதைவிட மோசமானது அகராதித் தரவு வகை. 3.7 முதல், அகராதியில் எந்த வரிசையில் சேர்க்கிறோமோ அதே வரிசையில்தான் வெளிவரும் என்பது மொழியின் விதி. 3.5-இல் அந்த உறுதி கிடையாது; அதே நிரலை மறுமுறை இயக்கினால் வரிசை மாறவும் செய்யும். பிழைச்செய்தி எதுவும் வராது. வீட்டில் தமிழ், ஆங்கிலம், இயற்பியல் என்று வந்த பட்டியல் இங்கே இயற்பியல், தமிழ், ஆங்கிலம் என்று வரும். பிள்ளைகள் தங்கள் மீதே சந்தேகம் கொள்ள இது போதும். நான் மூல நிரலைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இயக்க அமைப்பையே மாற்ற முடிந்தால் அதுதான் நல்ல வழி. டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' என்ற கட்டளையைக் கொடுத்தால் உங்கள் செயலி 64-பிட்டுக்கு ஏற்றதா என்று தெரியும். ஏற்றது, நினைவகமும் 2 ஜிபிக்கு மேல் என்றால் புதிய, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவிவிடுங்கள். 32-பிட்டாகவே இருந்தாலும் 2023-இல் வந்த டெபியன் 12 கிடைக்கிறது. அதில் பைத்தான் 3.11 உண்டு. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கும் மூல நிரல் தேவையில்லை. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது, 3.8 வரை ஓடும். விண்டோஸுக்கான ஆயத்த நிறுவல் கோப்போடு வந்த கடைசி 3.8 பதிப்பு 3.8.10. அதை நிறுவினால் வேலை முடிந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் இயக்க அமைப்பை மாற்ற முடிவதில்லை. அச்சுப்பொறி அந்த அமைப்பில்தான் வேலை செய்யும். கீழ் வகுப்புகளுக்கான மென்பொருள்கள் அதில்தான் நிறுவப்பட்டிருக்கும். மாற்ற அனுமதி வேண்டும், நேரம் வேண்டும். இருப்பதைக் கலைக்காமல் பைத்தானை மட்டும் புதிதாக்க வேண்டியவர்களுக்குத்தான் இனி வருவது.

ஆயத்த ஆடையும் அளவெடுத்த ஆடையும்

பைத்தான் என்பதும் ஒரு நிரல்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் முதன்முதலில் வெளியிட்ட அந்த நிரல், சி மொழியில் எழுதப்பட்டது. நாம் எழுதும் பைத்தான் வரிகளைப் படித்து நிறைவேற்றுவது அந்த சி நிரல். அதன் மூல வடிவம் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. கம்பைலர், அதாவது பாடநூல் சொல்லும் நிரல்பெயர்ப்பி, அந்த மூலத்தைக் கணினி நேரடியாக இயக்கும் இரும வடிவத்துக்கு மாற்றுகிறது. நாம் வழக்கமாகப் பதிவிறக்குவது இப்படி ஏற்கெனவே மாற்றப்பட்ட இரும வடிவத்தைத்தான்.

ஆயத்த ஆடை யாரோ ஒருவருடைய அளவுக்குத் தைக்கப்பட்டது. இரும வடிவமும் அப்படியே. புதிய லினக்ஸில் தொகுக்கப்பட்ட ஒரு நிரல், அங்கிருக்கும் 'ஜிலிப்சி' என்ற அடிப்படை நூலகத்தின் புதிய பதிப்பை எதிர்பார்க்கும். உபுண்டு 16.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.23. அதற்குப் பிந்திய பதிப்பில் உள்ள ஒரு செயற்கூற்றை நிரல் கேட்டால், இங்கே அது தொடங்கவே தொடங்காது. 64-பிட்டுக்குத் தொகுத்தது 32-பிட்டில் ஓடாது என்பது தனி. மூல நிரல் என்பது துணி. நம் கணினியின் அளவை எடுத்து, நம் கணினியில் உள்ள நூலகங்களைக் கொண்டே தைத்துக்கொள்ளலாம். பைத்தானின் அதிகாரப்பூர்வ இணையதளம் விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஆயத்தக் கோப்பு தருகிறது. லினக்ஸுக்கு மூல நிரலை மட்டுமே தருகிறது.

எந்தத் துணியை வாங்குவது? ஆகப் புதியதை எடுக்கத்தான் கை போகும். நான் 3.9-ஐத் தேர்ந்தேன். காரணம் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற நூலகம். இணையத்தில் பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள பைத்தான் இதைத்தான் நம்பியிருக்கிறது. உபுண்டு 16.04-இல் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2. பைத்தான் 3.9 வரை இது போதும். 3.10 முதல் 1.1.1 வேண்டும் என்கிறது. 3.10-ஐத் தொகுத்தாலும் தொகுப்பு முடியும். ஆனால் பாதுகாப்புத் தொடர்புக்கான கூறு இல்லாத பைத்தான் கிடைக்கும். அதைக் கொண்டு 'பிப்' மூலம் இணையத்திலிருந்து எதையும் இறக்க முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் தனியாக மூலத்திலிருந்து தொகுக்க வழி இருக்கிறது. அது இன்னொரு மூல நிரல், இன்னோர் அரை நாள். பள்ளிப் பாடத்துக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு.

தொடங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

இதை எந்த வழிகாட்டியிலும் முதலில் சொல்ல மாட்டார்கள். பழைய கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு இதுதான் முதல் படி. தாய்ப்பலகையில் சட்டைப் பொத்தான் போன்ற ஒரு மின்கலம் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்துபோயிருந்தால் கணினியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இணையம் இல்லாத ஆய்வகத்தில் அது தானாகத் திருந்தவும் செய்யாது.

தேதிக்கும் தொகுப்புக்கும் என்ன தொடர்பு? தொகுக்கும் வேலையை நடத்துவது 'மேக்' என்ற கருவி. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கியது. அதன் முழுச் சூட்சுமமும் கோப்புகளின் நேர முத்திரைதான். மூலக் கோப்பைவிட அதன் இரும வடிவம் புதியதாக இருந்தால், இதைத் தொட வேண்டாம் என்று விட்டுவிடும். பழையதாக இருந்தால் மீண்டும் தொகுக்கும். கணினியின் தேதி 2010 என்று இருந்தால், மூலக் கோப்புகள் யாவும் எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தெரியும். மேக் குழம்பிப்போய், செய்ததையே மறுபடி செய்யும். இணையத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்களும் இன்னும் செல்லுபடியாகும் நாள் வரவில்லை என்று நிராகரிக்கப்படும். மின்கலத்தை மாற்றுங்கள், அல்லது குறைந்தது அன்றைய தேதியைச் சரியாக அமைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய உலாவியில் பைத்தான் தளம் திறக்காமல் போகலாம். வேறு கணினியிலோ கைப்பேசியிலோ இறக்கி, பென்டிரைவில் எடுத்து வரலாம். சுருக்கிய மூலக் கோப்பு ஏறத்தாழ 20 எம்பி. பென்டிரைவிலேயே வைத்து விரிக்கக் கூடாது. பெரும்பாலான பென்டிரைவ்களில் உள்ள ஃபேட் கோப்பு முறை, லினக்ஸ் கோப்புகளுக்கு உரிய இயக்க அனுமதிகளைக் காப்பாற்றாது. கணினியின் முகப்புக் கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு அங்கே விரியுங்கள். 'எம்டி5சம்' கட்டளை தரும் எண்ணும் தளத்தில் அச்சிட்டுள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பென்டிரைவில் கெட்டுப்போன கோப்போடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது எளிது.

நூலகம் இருக்கும், தலைப்புக் கோப்பு இருக்காது

அடுத்து கம்பைலரும் துணை நூலகங்களும். 'பில்ட்-எசென்ஷியல்' என்ற தொகுப்பை 'ஆப்ட்' கட்டளையால் நிறுவினால் கம்பைலரும் மேக்கும் வந்துவிடும். துணை நூலகங்கள் விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

எஸ்கியூலைட் ஏற்கெனவே கணினியில் இருக்கிறதே, உலாவிகூட அதைப் பயன்படுத்துகிறதே, பிறகு ஏன் பைத்தான் அது இல்லை என்கிறது? 11-ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கு விடை தெரியும். சி++ நிரலின் தலையில் 'இன்க்ளூட்' என்று எழுதி ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்க்கிறோம் அல்லவா? ஒரு நூலகத்தை இயக்க அந்த நூலகம் இருந்தால் போதும். அதை நம்பி இன்னொரு நிரலைத் தொகுக்க, அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். உபுண்டுவில் தலைப்புக் கோப்புகள் தனித் தொகுப்பாக, பெயரின் முடிவில் 'டெவ்' என்ற ஒட்டோடு வரும். அவற்றைத் தொகுப்புக்கு முன்பே நிறுவ வேண்டும்.

எவற்றை நிறுவுவது என்பதைப் பாடத்தை வைத்தே முடிவு செய்யலாம். 'லிப்எஸ்கியூலைட்3-டெவ்' இல்லாவிட்டால், பைத்தானிலிருந்து தரவுத்தளத்தைக் கையாளும் 12-ஆம் வகுப்புப் பாடம் நடக்காது. 'டிகே-டெவ்' இல்லாவிட்டால் ஐடில் சாளரம் திறக்காது. ஆமை வரைகலையும் வராது. 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' இல்லாவிட்டால் பிப் இணையத்தைத் தொட முடியாது. 'இசட்லிப்1ஜி-டெவ்' சுருக்கிய கோப்புகளை விரிப்பதற்கு. இது இல்லையென்றால் நிறுவலின் கடைசிக் கட்டமே, பிப்பை வைக்கும் இடத்தில், முறிந்துவிடும். 'லிப்எஃப்எஃப்ஐ-டெவ்' இல்லாவிட்டால் சி நூலகங்களை அழைக்கும் 'சிடைப்ஸ்' கூறு இருக்காது. 'லிப்ரீட்லைன்-டெவ்' இல்லாவிட்டால் பெரிய இழப்பில்லை. ஆனால் டெர்மினலில் பைத்தானைத் திறந்து, முந்தைய வரியைக் கொண்டுவர மேல் அம்புக்குறியை அழுத்தினால் விசித்திரக் குறிகள் விழும். பிள்ளைகள் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று சொல்வார்கள்.

அளவெடுத்தல், தைத்தல்

விரித்த கோப்புறைக்குள் சென்று 'கான்ஃபிகர்' என்ற நிரலை இயக்க வேண்டும். அளவெடுப்பது இதுதான். கம்பைலர் எது, ஒரு முழு எண் எத்தனை பைட், எந்தத் தலைப்புக் கோப்பு இருக்கிறது, எது இல்லை என்று நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று திரையில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் வரும் 'இல்லை'களைக் கண்டு பதற வேண்டாம். பலவும் வேறு இயக்க அமைப்புகளுக்கு உரியவை. உண்மையிலேயே நின்றுவிட்டால், 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பில் எந்தச் சோதனையில் எதனால் நின்றது என்று முழுமையாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் இரண்டு முடிவுகள் நம்முடையவை. ஒன்று, 'ப்ரிஃபிக்ஸ்' என்ற விருப்பத்தால் நிறுவும் இடத்தைச் சொல்வது. நான் 'ஆப்ட்' கட்டளையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத, ஓ-பி-டி என்ற மூன்றெழுத்துக் கோப்புறைக்குள் 'பைத்தான்39' என்று தனி இடம் கொடுத்தேன். பைத்தானின் மேக் கோப்பில் நீக்குவதற்கான கட்டளை கிடையாது. பொது இடத்தில் கொட்டிவிட்டால் பிறகு பொறுக்க முடியாது. தனிக் கோப்புறை என்றால், வேண்டாதபோது அதை மட்டும் அழித்தால் போதும். மற்றது, வேகத்தைக் கூட்டும் 'எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்' என்ற விருப்பம். எல்லாரும் இதைச் சேர்க்கச் சொல்வார்கள். இது பைத்தானை ஒருமுறை தொகுத்து, சோதனை நிரல்களை ஓட்டிப் பார்த்து, அந்த அனுபவத்தைக் கொண்டு மறுபடியும் தொகுக்கும். 1 ஜிபி நினைவகமுள்ள கணினியில் அதற்குக் காத்திருப்பது வீண். மதிப்பெண் கூட்டும் நிரலுக்கு அந்த வேகம் தேவையில்லை.

பிறகு 'மேக்'. திரையில் வரிகள் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு வரியும் ஒரு சி கோப்பு தொகுக்கப்படுவது. எங்கள் கணினியில் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடுகிறது. மாணவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுங்கள். ஓடும் வரிகளில் 'லிஸ்ட்ஆப்ஜெக்ட்', 'டிக்ட்ஆப்ஜெக்ட்' என்ற பெயர்கள் கடக்கும்போது நிமிர்ந்து உட்கார்வார்கள்.

நடுவில் மின்சாரம் போனால்? மீண்டும் வந்ததும் அதே கோப்புறையில் மேக் என்று கொடுத்தால் போதும். நேர முத்திரையைப் பார்த்து, முடிந்தவற்றை விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மின்சாரம் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாகவோ வெறுமையாகவோ நின்றிருக்கும். ஆனால் அதன் நேர முத்திரை புதியது. மேக் அதை முடிந்த வேலை என்றே நம்பும். கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும்போது, கோப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்ற பிழை வரும். அப்படி வந்தால் 'மேக் க்ளீன்' கொடுத்து முதலிலிருந்து தொடங்குவதே சுருக்கமான வழி.

கடைசிப் பட்டியல்

இனி சொல்வதுதான் முக்கியம். மேக் பிழையில்லாமல் நின்றுவிட்டது என்பதால் பைத்தான் முழுமையாக உருவாகிவிட்டது என்று பொருளல்ல. பைத்தானின் மையம் ஒன்று. அதைச் சுற்றி விருப்பக் கூறுகள் பல. ஒரு கூற்றுக்குத் தேவையான தலைப்புக் கோப்பு இல்லையென்றால், தொகுப்பு நிற்காது. அந்தக் கூற்றை விட்டுவிட்டு மேலே போகும். ஆயிரம் வரி ஓடிய பின் திரையின் அடியில், தேவையானவை கிடைக்காததால் இந்த விருப்பக் கூறுகள் உருவாக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும், அதன் கீழே பெயர்ப் பட்டியலும் இருக்கும். பலர் அதற்குள் அடுத்த கட்டளையைக் கொடுத்துவிடுவார்கள். மாதங்கள் கழித்து, செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரத்தில், தரவுத்தள நிரலை இயக்கும்போது 'எஸ்கியூலைட்3 என்ற கூறு இல்லை' என்று வரும். அப்போது யாரும் அந்தப் பட்டியலை நினைத்துப் பார்ப்பதில்லை. பைத்தான் கெட்டுவிட்டது என்பார்கள்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் நம் பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். எஸ்கியூலைட், டிகே, எஸ்எஸ்எல், இசட்லிப், சிடைப்ஸ் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்துங்கள். விடுபட்ட டெவ் தொகுப்பை நிறுவி, கான்ஃபிகரையும் மேக்கையும் மறுபடி ஓட்டுங்கள். நமக்குத் தேவையே இல்லாத ஒன்றிரண்டு பெயர்கள் மிஞ்சினால் விட்டுவிடலாம். எல்லாப் பெயரையும் நீக்கியே தீருவேன் என்று உட்கார வேண்டியதில்லை.

நிறுவும்போது 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம். 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். முன்னது 'பைத்தான்3' என்ற பொதுப் பெயரையும் உருவாக்கும். பின்னது 'பைத்தான்3.9' என்ற பதிப்புப் பெயரை மட்டும் உருவாக்கும். உபுண்டுவின் மென்பொருள் புதுப்பிப்பான் உட்படப் பல உள் கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. அவை தங்களுடைய 3.5-ஐத் தேடும். அந்த இடத்தில் 3.9-ஐ வைத்தால், பைத்தான் புதிதாகும், கணினி படுத்துக்கொள்ளும். 16.04-இல் டெர்மினல் சாளரத்தைத் திறக்கும் சிறு நிரலே பைத்தானில் இருக்கிறது. சரிசெய்யக் கட்டளை கொடுக்கலாம் என்றால் டெர்மினலும் திறக்காது. பழையதை நீக்கவும் கூடாது, மாற்றவும் கூடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்படி இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. வரைபடங்களுக்கான 'மேட்பிளாட்லிப்' நூலகத்தை 3.9-க்காக பிப் மூலம் இறக்கினால், பழைய 32-பிட் கணினியில் அதையும் மூலத்திலிருந்து தொகுக்க வேண்டிய நிலை வரலாம். உபுண்டுவின் களஞ்சியத்தில் 3.5-க்கான மேட்பிளாட்லிப் ஆயத்தமாக இருக்கிறது. கோட்டு வரைபடமும் வட்ட வரைபடமும் வரைய அதுவே போதும். அந்தப் பாடத்தை மட்டும் 3.5-இல் நடத்துகிறேன்.

சோதிப்பதற்கு 'மேக் டெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. நேரம் பிடிக்கும். அதைவிட, பாடநூல் செய்முறைப் பகுதியின் நிரல்கள் அனைத்தையும் புதிய பைத்தானில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாடநூல் ஓடுகிறதா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது?

மற்ற கணினிகளுக்கு

இருபது கணினிகளில் இருபது முறை தொகுக்க வேண்டாம். ஒரே இயக்க அமைப்பும் ஒரே பிட் அமைப்பும் உள்ள கணினிகள் என்றால், ஒன்றில் உருவான கோப்புறையை 'டார்' கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் எடுத்துச்சென்று, மற்றவற்றில் அதே இடத்தில் விரித்தால் போதும். இடம் மாறக் கூடாது. தன் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பைத்தான் தொகுக்கும்போதே குறித்துக்கொள்கிறது. மற்றக் கணினிகளில் டெவ் தொகுப்புகள் தேவையில்லை. ஆனால் டிகே போன்ற நூலகங்கள் இருக்க வேண்டும். ஐடிலைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. உபுண்டு 16.04-க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2021-லேயே நின்றுவிட்டன. பைத்தான் 3.9-இன் ஆதரவுக் காலமும் 2025 அக்டோபரோடு முடிந்தது. புதிய பைத்தானை ஏற்றியதால் பழைய கணினி பாதுகாப்பானதாகிவிடாது. இவற்றை நிரல் எழுதிப் பழகும் கணினிகளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எமிஸ் பணி, வங்கிப் பணி, கடவுச்சொல் கேட்கும் எந்த வேலையையும் இவற்றில் செய்ய வேண்டாம்.

மூலக் கோப்புறையை அழித்துவிடாதீர்கள்

நிறுவல் முடிந்ததும் மூலக் கோப்புறையை நீக்கச் சொல்வார்கள். நான் ஒரு கணினியில் வைத்திருக்கிறேன். எனக்கு அது நல்ல கற்பித்தல் கருவி. 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற உட்கோப்புறையில் பட்டியல் தரவு வகைக்கான சி நிரல் இருக்கிறது. பட்டியலில் ஓர் உறுப்பைச் சேர்க்கும்போது என்ன நடக்கிறது என்று அங்கே படிக்கலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாக இடம் கேட்பதில்லை. முதலில் 4, பிறகு 8, 16, 24 என்று முன்கூட்டியே சேர்த்து ஒதுக்கிக்கொள்கிறது. அடிக்கடி நினைவகத்தைக் கேட்டு நிற்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முந்தைய ஆண்டு சி++ படித்த பிள்ளைகளால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கைப்பிடித்துக் கூட்டிச்சென்றால் பின்தொடர முடிகிறது.

இன்னொரு சிறு செய்முறை. மூலக் கோப்புறையை நகலெடுத்துக்கொண்டு, 'மாட்யூல்ஸ்' உட்கோப்புறையில் உள்ள 'மெயின்' என்ற சி கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். பைத்தானைத் தொடங்கியதும் உதவிக்கு இதைத் தட்டச்சு செய்க என்று வருமே, அந்த வாக்கியம் அங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் மேற்கோள் குறிக்குள் தமிழில் 'வணக்கம்' என்று சேர்த்துச் சேமித்து, மீண்டும் மேக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த முறை பாடவேளை முழுக்கக் காத்திருக்க வேண்டியிராது. மாறிய அந்த ஒரு கோப்பை மட்டும் தொகுத்து, மற்றவற்றோடு இணைத்துவிட்டு மேக் நின்றுவிடும். ஏன் இவ்வளவு விரைவில் முடிந்தது என்று கேளுங்கள். நேர முத்திரையை அவர்களே சொல்வார்கள். பிறகு அந்தக் கோப்புறையிலிருந்தே பைத்தானைத் திறந்தால், பதிப்பு எண்ணுக்குக் கீழே 'வணக்கம்' என்று இருக்கும்.